ஒரே சுவிட்ச், 247 எழுத்து: டேப்பில் பேசுவதன் கணக்கு

கை சொன்னபடி கேட்காத, வாய்ப்பேச்சும் வராத ஒரு பிள்ளைக்கு "சுவிட்ச் வைத்து டேப்பில் (டேப்லெட்டில்) பேச வைக்கலாம்" என்று பயிற்சி மையத்தில் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டில் அதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். சுவரில் இருக்கிற லைட் சுவிட்ச் மாதிரியா என்று தாத்தா கேட்கிறார். அமுக்கினால் பிள்ளை பேசிவிடும் என்று அம்மா நம்புகிறார். டேப்பைத் தொட்டாலே வேலை செய்யுமே, நடுவில் சுவிட்ச் எதற்கு என்பது அப்பாவின் சந்தேகம். மூவரில் உண்மைக்கு மிக அருகில் இருப்பவர் தாத்தாதான்.

சேலம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் கேட்கும் கேள்விகளை அடிப்படையிலிருந்து பார்ப்போம். மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், நரம்பு இயக்க நோய் என்று காரணம் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

சுவிட்ச் என்பது இரண்டு கம்பி

இந்தச் சுவிட்சுக்குள் மூளை எதுவும் கிடையாது. இரண்டு கம்பிகள் இருக்கும். அமுக்கினால் ஒட்டும், விட்டால் பிரியும். லைட் சுவிட்ச் போட்டால் போட்டபடி நிற்கும். இது காலிங் பெல் பொத்தானைப் போல, கையை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டுக்கும் மின் வேலையில் அவ்வளவுதான் வேறுபாடு.

வெளித்தோற்றம் பலவிதம். உள்ளங்கை அளவுக்கு வட்டமான பெரிய பொத்தான்தான் பரவலாகக் கிடைப்பது. தலையணை போல மெத்தென்று இருப்பது, கயிற்றை இழுத்தால் இயங்குவது, குழாயில் ஊதினாலும் உறிஞ்சினாலும் இயங்குவது, தொடாமல் பக்கத்தில் கை வந்தாலே உணர்வது, கண் சிமிட்டலையோ கன்னத் தசையின் அசைவையோ பிடிப்பது என்று எல்லாம் உண்டு. இவை அனைத்தும் கடைசியில் சொல்வது ஒரே செய்தியை: "இப்போது."

பெரும்பாலான சுவிட்சுகளின் முனையில் 3.5 மி.மீ. ஜாக் இருக்கும். பழைய ஹெட்போன் ஜாக்கின் அதே அளவு. உலகம் முழுக்க ஏறக்குறைய இதுவே வழக்கம் என்பதால் ஒரு நிறுவனத்தின் சுவிட்சை இன்னொரு நிறுவனத்தின் கருவியில் செருகலாம். மாற்றுத்திறனாளிகள் வீடியோ கேம் விளையாட 2018இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்பக்கத்தில் வரிசையாக 19 துளைகள் இருப்பதும் இந்த ஜாக்குகளுக்காகத்தான்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ஜாக் ஒன்று போல இருக்கிறதே என்று டேப்பின் ஹெட்போன் துளையில் செருகிவிட்டு, "கெட்டுப்போன சுவிட்சைத் தந்துவிட்டார்கள்" என்று கோபப்படுகிறோம். அந்தத் துளை ஒலிக்கானது. சுவிட்சின் "இப்போது" என்ற செய்தியை டேப்புக்குப் புரிகிற மொழியில் மாற்ற நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதைப் பற்றிப் பிறகு.

ஸ்கேனிங்: கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதுபோல

ஒரே ஒரு "இப்போது" வைத்துக்கொண்டு நூறு சொல்லில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் வரிசையாகக் குரல் கொடுக்கிறார்: "அஸ்தம்பட்டி... கோரிமேடு... அடிவாரம்..." பயணி ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தன் ஸ்டாப் வரும்போது கையைத் தூக்கினால் போதும். ஒரே சைகைதான், ஆனால் அது எந்த நேரத்தில் வருகிறதோ அதற்கேற்ப அர்த்தம் மாறுகிறது. கண்டக்டரின் விசிலும் அப்படித்தான். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. பஸ் நிற்கிறதா ஓடுகிறதா என்பது டிரைவருக்குத் தெரியும் என்பதால் அவ்வளவு போதுமானதாக இருக்கிறது.

டேப்பில் கண்டக்டரின் வேலையை ஒரு வண்ணக் கட்டம் செய்கிறது. திரையில் இருக்கிற படங்கள் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து போகும். வேண்டிய படத்தில் நிற்கும்போது சுவிட்சை அமுக்கினால் அது தேர்வாகும், டேப் அதைக் குரலில் சொல்லும். இதற்குப் பெயர்தான் ஸ்கேனிங். தவறவிட்டால் கட்டம் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஸ்கேனிங்கில் பல முறைகள் இருந்தாலும் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று.

1. தானாக நகர்வது. ஒரு சுவிட்ச் போதும். கட்டம் தானே நகரும், அமுக்கினால் தேர்வு. அசைவு குறைவு, ஆனால் சரியான கணத்தில் அமுக்க வேண்டும். நேரம் பிசகுகிற பிள்ளைக்கு இதுவே பெரிய தடை.

2. படிப்படியாக நகர்த்துவது. இரண்டு சுவிட்ச். ஒன்றை அமுக்கினால் கட்டம் ஒரு இடம் நகரும், மற்றதை அமுக்கினால் தேர்வு. அமுக்குவது அதிகம், அவசரம் கிடையாது. தலையை இரு பக்கமும் சாய்க்க முடிந்தால் இரு பக்கமும் ஒவ்வொரு சுவிட்ச் வைக்கலாம்.

3. பிடித்திருந்து விடுவது. அமுக்கிப் பிடித்திருக்கும்வரை கட்டம் நகரும், விட்டதும் தேர்வு. பிடிக்க முடியும், ஆனால் சட்டென்று அமுக்க வராது என்பவர்களுக்கு இது ஒத்துவரும்.

தானாக நகர்வதையே எல்லோருக்கும் முதலில் கொடுப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. ஒரு சுவிட்சின் காசு மிச்சம் என்பதைத் தவிர அதற்கு நல்ல காரணம் தெரியவில்லை. இரண்டு நம்பகமான அசைவுகள் இருக்கிற பிள்ளைக்கு இரண்டாவது முறைதான் பெரும்பாலும் எளிது.

இன்னொன்று. தொடுவதைவிட ஸ்கேனிங் மூளைக்குக் கடினமான வேலை. வேண்டியதை மனதில் வைத்திருக்க வேண்டும், நகர்வதைக் கண்ணால் பின்தொடர வேண்டும், வேண்டாதது வரும்போது கையை அடக்க வேண்டும், சரியான நொடியில் அமுக்க வேண்டும். அதனால் முதல் கேள்வி "எந்த சுவிட்ச்?" என்பதாக இருக்கக் கூடாது, "தொடவே முடியாதா?" என்று பார்க்க வேண்டும். கை நடுங்கிப் பக்கத்துப் படத்தையும் சேர்த்துத் தொடுவதுதான் சிக்கல் என்றால், படங்களுக்கு நேராகத் துளையிட்ட ஒரு அக்ரிலிக் தட்டைத் திரைமேல் வைத்தாலே பாதி சரியாகிவிடும். பெயர்ப்பலகை செய்கிற லேசர் கட்டிங் கடையில் அளவு கொடுத்தால் அறுத்துத் தருவார்கள்.

சுவிட்சை டேப்போடு சேர்ப்பது

நடுவில் வேண்டிய பெட்டிக்கு ஆங்கிலத்தில் சொல்கிற பெயரையே இங்கும் சொல்கிறார்கள்: சுவிட்ச் இன்டர்ஃபேஸ். ஒரு பக்கம் 3.5 மி.மீ. துளை, மறுபக்கம் யுஎஸ்பி வயர் அல்லது புளூடூத். இது டேப்பிடம் "நான் ஒரு கீபோர்டு" என்று சொல்லிக்கொள்ளும். சுவிட்சை அமுக்கினால் ஸ்பேஸ் அல்லது என்டர் தட்டியதாக டேப் எடுத்துக்கொள்ளும்.

இது புரிந்துவிட்டால் செலவைக் குறைக்கும் வழியும் புரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் சுவிட்சும் பெட்டியும் சேர்ந்தால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சால்டரிங் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஒருவர் பழைய யுஎஸ்பி கீபோர்டைப் பிரித்து, ஸ்பேஸ் சாவிக்கான இரண்டு புள்ளிகளிலிருந்து கம்பி எடுத்து, 3.5 மி.மீ. மோனோ துளை வைத்துத் தந்துவிடலாம். ஆண்ட்ராய்டு டேப்பில் ஓடிஜி கேபிளில் (யுஎஸ்பி கருவியை டேப்பில் செருக உதவும் சின்ன வயர்) அது ஓடும். மவுஸைப் பிரித்தால் ஆகாது, ஆண்ட்ராய்டின் சுவிட்ச் வசதி கேட்பது கீபோர்டுச் சாவியை. சுவிட்சையும் வீடியோ கேம் பெட்டியில் வருகிற பெரிய வட்டப் பொத்தானில் செய்துகொள்ளலாம். இந்த மாதிரி வடிவங்களை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யும்படி, கனடாவின் நீல் ஸ்குவயர் சொசைட்டி 'மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச்' என்ற பெயரில் இணையத்தில் வெளியிட்டிருக்கிறது.

அதைவிட மலிவானது செல்ஃபி எடுக்கிற புளூடூத் ரிமோட். அதன் பொத்தான் பெரும்பாலும் "வால்யூம் கூட்டு" சாவியை அனுப்பும், அந்தச் சாவியையே ஆண்ட்ராய்டில் சுவிட்சாக ஒதுக்கிக்கொள்ளலாம். சோதித்துப் பார்ப்பதற்கு அருமையான பொருள். தினசரிப் பேச்சுக்கு ஒத்துவராது: பொத்தான் சின்னது, சிறிது நேரம் அமுக்காவிட்டால் தூங்கிவிடும். பிள்ளை ஏதோ சொல்ல வரும் நேரத்தில்தான் அது தூங்கியிருக்கும்.

டேப்புக்குள் இருக்கிற வசதிக்குத் தனியாகக் காசு இல்லை. ஐபேடில் 2013இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து 'ஸ்விட்ச் கன்ட்ரோல்' இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'ஸ்விட்ச் அணுகல்' என்று அமைப்புகளில், அணுகல்தன்மை பகுதியில் இருக்கும். சில கருவிகளில் ப்ளே ஸ்டோரிலிருந்து தனியாக நிறுவ வேண்டும். இரண்டிலும் முன்பக்கக் கேமராவையே சுவிட்சாக்கி, தலை அல்லது முக அசைவால் இயக்கவும் முடியும். வெளிச்சம் குறைந்த அறையில் அது நம்பகம் குறைவு.

ஐபேடில் ஒரு எச்சரிக்கை. ஸ்விட்ச் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு, சுவிட்ச் இணைப்பு போய்விட்டால் சாதாரணமாகத் தொடுவது தாறுமாறாகும். அணைக்கவும் வழி தெரியாமல் திணறுவோம். அதனால் முன்பே அணுகல்தன்மைக் குறுக்குவழியில் அதைச் சேர்த்துவிடுங்கள். ஹோம் பொத்தானையோ மேல் பொத்தானையோ மூன்று முறை தட்டினால் அணைந்துவிடும்.

குழப்பம் தரும் இன்னொரு விஷயம், ஸ்கேனிங் இரண்டு இடத்தில் இருக்கும். டேப்பின் அமைப்பில் ஒன்று, சில பேச்சுச் செயலிகளுக்குள்ளேயே ஒன்று. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கட்டம் இரண்டாக நகரும், ஒரு அமுக்கலுக்கு இரண்டு வேலை நடக்கும். பேச மட்டும் என்றால் செயலிக்குள் இருப்பது போதும். யூடியூப், போன் அழைப்பு, கேமரா என்று எல்லாவற்றையும் தானே இயக்க வேண்டும் என்றால் டேப்பின் அமைப்பில் இருப்பதுதான்.

உட்காருவது முதலில், சுவிட்ச் அப்புறம்

அம்மாப்பேட்டைக் குழித்தறியில் நெசவாளர் உட்காரும் பலகையைக் கவனித்திருப்பீர்கள். பலகை ஆடாமல் இருப்பதால்தான் கால் மிதியை மிதிக்கிறது, கை நாடாவை விடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. பலகை ஆடினால் உடம்பு விழாமல் பார்த்துக்கொள்வதிலேயே கையின் வேலை போய்விடும்.

மூளை முடக்குவாதம் இருக்கிற பிள்ளையிடமும் இதே கதைதான். இடுப்பு சரிந்து, கால் தொங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சுவிட்சை நீட்டி, "அமுக்க மாட்டேன் என்கிறான், புரியவில்லை போல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இடுப்புக்குப் பெல்ட், பாதத்துக்கு மணைக்கட்டை, தலைக்குத் தாங்கல் என்று சரிசெய்துவிட்டு அதே சுவிட்சை வைத்தால் கதை மாறும். இந்த வேலையில் பிசியோதெரபிஸ்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரைவிட முன்னால் வர வேண்டும்.

எந்த உறுப்பில் வைப்பது என்பதற்குப் பலமான அசைவைத் தேடுவது பொதுவான பழக்கம். தேட வேண்டியது நம்பகமான அசைவை. கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. வேண்டும்போது வருகிறதா, வேண்டாதபோது அடங்கியிருக்கிறதா? கையைத் தூக்கி அடிப்பது பத்தில் எட்டு முறை வந்தாலும், சிரிக்கும்போதும் இருமும்போதும் அதுவே வந்தால் பயனில்லை.

2. அமுக்கிவிட்டு விட முடிகிறதா? இறுகிப் பிடித்துக்கொள்ளும் கைக்கு அமுக்குவதைவிட விடுவதுதான் கஷ்டம்.

3. அந்த அசைவைச் செய்யும்போது கண் திரையில் இருக்கிறதா? சில பிள்ளைகளுக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை தானாக நீளும், மறுபக்கக் கை மடங்கும். கைக்குழந்தைப் பருவத்து அனிச்சைச் செயல் மறையாமல் நின்றுவிட்டது. இவர்களுக்குத் திரையை ஒரு பக்கமாக வைத்தால், பார்க்கத் திரும்பியதுமே கை நீண்டு சுவிட்சில் விழும். பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனால் டேப் பேசிவிடும். திரையை நேர் எதிரே வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

4. அரை மணி நேரம் கழித்தும் வருகிறதா? காலையில் பயிற்சி மையத்தில் அருமையாக வந்த கை, மாலையில் வீட்டில் ஓய்ந்திருக்கலாம்.

முழங்கால், பாதத்தின் ஓரம், தாடை, கன்னம் என்று எதுவும் இதற்கு ஆகும். 1985இல் பேச்சை இழந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் நீண்ட காலம் கைச் சுவிட்சில் எழுதினார். கை தளர்ந்தபின், மூக்குக் கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்புக் கருவி கன்னத் தசையின் அசைவைப் பிடித்தது. ஆள் அவரேதான், மென்பொருள் முறையும் அதுவே. மாறியது சுவிட்ச் இருக்கும் இடம்தான். இன்டெல் அவருக்காகச் செய்த மென்பொருளை 2015இல் இலவசமாக வெளியிட்டது.

வேகம்: எவ்வளவு நொடி வைப்பது

கட்டம் நகரும் வேகத்தை அனுமானத்தில் வைக்காமல் ஒரு எளிய கணக்குப் போடலாம். கட்டம் வேண்டிய இடத்துக்கு வந்ததிலிருந்து பிள்ளை அமுக்கும்வரை ஆகும் நேரத்தைப் போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சில் பத்துப் பதினைந்து முறை குறித்துச் சராசரி எடுங்கள். அதை 0.65ஆல் வகுங்கள். சராசரி 1.3 நொடி என்றால் ஒரு கட்டத்துக்கு 2 நொடி. இதைவிடக் குறைத்தால் தவறு கூடும், கூட்டினால் நேரம் வீணாகும். இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் விகிதம் இது, தொடங்குவதற்கு நல்ல இடம்.

முதல் கட்டத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்கச் சொல்லலாம். கை நடுங்கி ஒரு அமுக்கலே இரண்டு மூன்றாகப் பதிவாகிறது என்றால், திரும்ப வரும் அமுக்கலைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் புறக்கணிக்கும் அமைப்பு இருக்கிறது. கை தவறிப் படுவதைக் கணக்கில் எடுக்காமலிருக்க, இவ்வளவு நேரம் பிடித்திருந்தால்தான் செல்லும் என்றும் வைக்கலாம்.

சரி, இவ்வளவு சரிசெய்தாலும் பேச்சு எவ்வளவு வேகம்? வாயால் பேசுகிறவர் நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேல் சொற்கள் பேசுவார். சுவிட்சில் எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுப்பவருக்கு ஒன்றிரண்டு, கைதேர்ந்தால் சில சொற்கள். ஹாக்கிங்குக்குக் கை இயங்கிய காலத்தில் நிமிடத்துக்குப் பதினைந்து வரை வந்தது. கன்னத்துக்கு மாறிய பின் 2011 வாக்கில் ஒன்றிரண்டுக்கு இறங்கிவிட்டது. உலகின் மிகச் சிறந்த பொறியாளர்கள் உடனிருந்த ஒருவருக்கு.

தமிழில் இந்தக் கணக்கு எப்படி மாறுகிறது

ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு 247. அரிச்சுவடி அட்டையை அப்படியே திரையில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

அட்டையில் 19 வரிசை, வரிசைக்கு 13 கட்டம். 12 உயிரும் ஆய்தமும் முதல் வரிசை, பிறகு 18 மெய்க்கும் அதனதன் 12 உயிர்மெய்க்கும் ஒவ்வொரு வரிசை. கச்சிதமாக 247. முதலில் வரிசை வரிசையாக நகரும், ஒரு அமுக்கு. பிறகு அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக நகரும், இன்னொரு அமுக்கு. வரிசையைப் பிடிக்கச் சராசரியாக 10 நகர்வு, எழுத்தைப் பிடிக்க 7. ஒரு எழுத்துக்கு 17 நகர்வு.

இப்போது உயிரையும் மெய்யையும் மட்டும் வைப்போம். 12, 18, ஆய்தம் ஒன்று, ஆக 31. புள்ளி, இடைவெளி, அழி, பேசு என்று நான்கு சேர்த்தால் 35. ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு. வரிசைக்குச் சராசரி 3, எழுத்துக்கு 4, மொத்தம் 7 நகர்வு. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இந்த முறையில்தான் இயங்குகிறது: க-வும் ஆ-வும் தட்டினால் கா. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும்.

ஒரு நகர்வுக்கு ஒரு நொடி என்று வைத்து இரண்டையும் ஒப்பிடுவோம்.

"தண்ணீர்" அரிச்சுவடி அட்டையில் த, ண், ணீ, ர் என்று நான்கு தேர்வு. 4 × 17 = 68 நொடி.

தமிழ்99 முறையில் த, ண, ண, ஈ, ர, புள்ளி என்று ஆறு தேர்வு. 6 × 7 = 42 நொடி.

தேர்வு கூடினாலும் நேரம் குறைகிறது. ஆனால் அமுக்கல் எட்டிலிருந்து பன்னிரண்டாகக் கூடுகிறது என்பதையும் கவனியுங்கள். சீக்கிரம் களைத்துப்போகும் கைக்கு அது பொருட்டாகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சேலத்தில் எந்தப் பிள்ளையும் "தண்ணீர்" என்று கேட்பதில்லை. "தண்ணி" என்றுதான் கேட்கும். த, ண, ண, இ. நான்கு தேர்வு, 28 நொடி. புத்தகத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று பிள்ளையை வற்புறுத்துவதன் விலை இந்த ஒரு சொல்லுக்கே பதினான்கு நொடி. தேர்வுத்தாளில் இலக்கணம் பார்க்கலாம், தாகத்தில் பார்க்க வேண்டாம். எழுதியபடியே டேப் உச்சரிக்கும் என்பதால் கேட்பதற்கும் வீட்டுப் பேச்சாக இருக்கும். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசிப்பவர் குரலில் ஒரு ஏழு வயதுப் பிள்ளை கேட்பதைக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

எழுத்துகளை அகர வரிசையில் அடுக்க வேண்டும் என்றும் இல்லை. அடிக்கடி வருபவை மேல் வரிசையில், இடப்பக்கம் இருந்தால் சீக்கிரம் எட்டும். க, த, ம, ன, ர, இ, உ, புள்ளி போன்றவை மேலே வரலாம். ஔ, ஃ, ஞ கீழே போகலாம். ங அரிதான எழுத்து என்று நினைப்போம், ஆனால் பேச்சுத் தமிழில் வாங்க, போங்க, அவங்க, சொல்லுங்க என்று அது வந்துகொண்டே இருக்கும். அதற்குச் சிறந்த தீர்வு "ங்க" என்று ஒரே கட்டம் வைத்துவிடுவது. பாட்டியிடம் "வா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை திட்டு வாங்காமலிருக்கவும் உதவும்.

படம் வைத்த பலகையில் இந்தக் கணக்கு இன்னும் குறையும். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு படம் என்றால் சராசரி நாலரை நகர்வு, அதில் ஒரு முழுச் சொல். எழுத்து இன்னும் கற்காத பிள்ளைகளுக்கு இதுவே தொடக்கம். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது. எந்தச் செயலியானாலும் பணம் கட்டுவதற்கு முன் சோதனைக் காலத்தில் உங்கள் சுவிட்சோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அதற்காகப் படப்பலகையோடு நின்றுவிடக் கூடாது. சாப்பாடு, தண்ணி, பாத்ரூம், டிவி என்று நான்கு படத்தில் ஆண்டுக்கணக்காக நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் "வேண்டாம்" இருக்காது, "வலிக்குது" இருக்காது, "அண்ணன் அடிச்சான்" நிச்சயம் இருக்காது.

சுவிட்சுக்கு முன்னால் ஒரு மாதம்

காசு செலவழிப்பதற்கு முன் கருவி இல்லாமலே ஸ்கேனிங் பழக முடியும். டேப்புக்குப் பதில் அம்மாவே கண்டக்டர்.

"சாப்பாடா? தண்ணியா? வலிக்குதா? வேற ஏதாவதா?" என்று ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டுக் கேட்பது. பிள்ளை மேலே பார்த்தால் ஆமாம். இதில் இரண்டு விதிகள் மட்டும் முக்கியம். ஒன்று, பட்டியலில் எப்போதும் "வேற" இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை நாம் நினைத்ததில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். இரண்டாவது, கேட்கும் வரிசை மாறாமல் இருக்க வேண்டும், எது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் உடம்பு தயாராகும். எழுத்துக்கும் இது ஆகும்: "உயிரா, மெய்யா?" என்று தொடங்கி இறங்கலாம்.

இதோடு ஒரு பேட்டரிப் பொம்மையைச் சுவிட்சில் இணைத்துக் கொடுத்தால், அமுக்கினால் நடக்கும், விட்டால் நிற்கும் என்பது கைக்குப் பழகும். ஆனால் பொம்மையை இருநூறு முறை சரியாக இயக்கினால்தான் பேச்சுப்பலகை தருவேன் என்று அதைத் தேர்வாக்க வேண்டாம். பத்தாவது முறையிலேயே சலித்துப்போய் நிறுத்துகிற பிள்ளை புத்திசாலியாகத்தான் இருக்கும்.

விண்ணப்பிக்கும்போது

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடர்பு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே மாற்றுத் தொடர்பு முறைகளையும் சேர்த்திருக்கிறது. உதவி உபகரணங்களுக்கான மத்திய அரசின் அடிப் திட்டம் 1981 முதல் நடக்கிறது. சேலத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்தின் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி அட்டையோடு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) விண்ணப்பிக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் பேசுங்கள். பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கிறது, தொலைவு என்றாலும் முழு மதிப்பீடு ஒருமுறை செய்துகொள்ள ஏற்ற இடம்.

மனுவில் "டேப் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் டேப் மட்டும்தான் கேட்டதாக ஆகும். டேப், சுவிட்ச், இன்டர்ஃபேஸ், டேப்பையும் சுவிட்சையும் சக்கர நாற்காலியில் நிறுத்துகிற தாங்கி என்று நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன தாங்கியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மடியில் வைத்த சுவிட்ச் முதல் அமுக்கலிலேயே நழுவி விழும். தாங்கி கிடைக்கும்வரை ரப்பர் பாயும் வெல்க்ரோவும் போதும்.

மலைமேல் இருப்பவர்களுக்கு

ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களும் மலைமேல்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் கீழே செய்த ஏற்பாடுகளில் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும்.

1. குளிர். மூளை முடக்குவாதம் இருக்கிறவர்களில் பலருக்குக் குளிரில் தசை இறுக்கம் கூடும். சேலத்தில் பகலில் அளந்து வைத்த 2 நொடி, மலையில் மார்கழிக் காலையில் போதாது. காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று என்று இரண்டு வேகம் குறித்து வையுங்கள். கையுறை போட்டால் அமுக்குவது தெரியாமல் போகும், கைக்குப் பதில் சுவிட்சின் மேல் துணி சுற்றுங்கள். சில்லென்ற பிளாஸ்டிக் பட்டதுமே கையை இழுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

2. சிக்னல். தமிழ்க் குரல் இணையத்திலிருந்து வருகிற அமைப்பில் இருந்தால், காப்பித் தோட்டத்துக்குள் சிக்னல் போனதும் டேப் ஊமையாகிவிடும். ஆண்ட்ராய்டின் 'உரையிலிருந்து பேச்சு' அமைப்பில் தமிழ்க் குரலைப் பதிவிறக்கி வைக்கலாம். கீழே வைஃபை இருக்கும் இடத்திலேயே செய்துவிட்டு, ஏரோபிளேன் மோடில் போட்டு ஒருமுறை பேச வைத்துப் பாருங்கள். அக்காவோ அண்ணனோ பேசிப் பதிவுசெய்த குரலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

3. மின்சாரம். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரண்ட் வர நேரமாகும். புளூடூத் சுவிட்ச் என்றால் டேப், சுவிட்ச் என இரண்டு பேட்டரி தீரும், வயர் உள்ளது என்றால் ஒன்றுதான். மலையில் வயர் நல்லது.

4. அட்டை. டேப்பில் இருக்கும் அதே பலகையை, அதே வரிசையில், அதே இடத்தில் படங்கள் இருக்கும்படி தாளில் அச்சடித்து லேமினேட் செய்து கட்டில் பக்கத்தில் ஒன்று, சக்கர நாற்காலியில் ஒன்று மாட்டுங்கள். டேப் அணைந்ததும் யாராவது ஒருவர் விரலை வரிசை வரிசையாக இறக்கிக்கொண்டு வர வேண்டும், பிள்ளை மேலே பார்க்கும்வரை. டேப்பில் படங்களை இடம் மாற்றினால் அன்றே அட்டையையும் மாற்றி அச்சடியுங்கள்.